தாத்தா பெட்டியில் கிடைத்த ஜப்பான் காலத்துப் பத்து வெள்ளி (டாலர்) நோட்டுக் கட்டு: பேங்கில் மாற்றலாமா?

மாற்ற முடியாது. மலேசியாவில் சுங்கை சிப்புட் என்றில்லை, எந்த ஊர் பேங்கிலும் வாங்க மாட்டார்கள். 1945இல் திரும்பி வந்த பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகம் செல்லாது என்று அறிவித்துவிட்டது. தோட்டக் கூலியைச் சேர்த்து வைத்தவர்கள்தான் பாவம், மாட்டிக்கொண்டார்கள்.

மதிப்பு அதற்கு முன்பே போய்விட்டது. 1942இல் மலாயாவைப் பிடித்த ஜப்பானியர் இந்த நோட்டை மலாயா டாலருக்குச் சமம் என்று இறக்கினார்கள். அப்புறம் கணக்கில்லாமல் அச்சடித்தார்கள். கடையிலோ அரிசி இல்லை.

வாழைமரப் படம் உள்ள பக்கத்தைப் பாருங்கள். ‘எம்’ எழுத்தோடு வரிசை எண்ணும் இருந்தால் தொடக்க கால அச்சு. சேகரிப்பவர்கள் கொஞ்சம் கூடவே கொடுப்பார்கள். வெறும் எழுத்து மட்டும் என்றால் மலிவுதான்.

விலை பேசும்வரை கழுவவோ இஸ்திரி போடவோ வேண்டாம். கட்டுக்குள் ஜார்ஜ் மன்னர் படம் போட்ட நோட்டு இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். அது ஜப்பான் நோட்டு இல்லை.