நான்கு பேரும் ஒரு சாய்தளமும்

அன்புள்ள ஐயா,

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்த தங்கள் உரையைக் கேட்டேன். சட்டங்கள் வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் மனிதர்களின் பார்வை மாறவில்லையே? மனம் மாறாமல் சாய்தளம் கட்டி என்ன பயன்?

க.

அன்புள்ள க.,

உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் முதலில் மனம் மாறட்டும், மற்றவை பிறகு என்ற வரிசையை என்னால் ஏற்க முடியவில்லை.

சக்கர நாற்காலியில் இயங்கும் நண்பர் ஒருவருடன் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பொதுக் கட்டடத்துக்குச் சென்றிருந்தேன். வாசலில் ஐந்து படிகள். நான்கு பேர் ஓடிவந்து, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமலே, நாற்காலியோடு அவரைத் தூக்கினார்கள். அவர்களில் ஒருவர் பிடித்திருந்தது கழன்று வந்துவிடக்கூடிய கைதாங்கியை. மேலே போய்ச் சேரும்வரை நண்பர் இருக்கையின் விளிம்பை இறுகப் பற்றியிருந்தார். இறக்கி வைத்ததும் நால்வருக்கும் தனித்தனியே நன்றி சொன்னார். உள்ளே இருந்த நேரம் முழுவதும், திரும்பும்போது அவர்கள் அங்கே இருப்பார்களா என்பதே அவர் கவலையாக இருந்தது. அன்று அங்கே நல்ல மனத்துக்குக் குறைவே இல்லை.

அந்த இடத்தில் சட்டம் செய்வது, அளவு சொல்வது. 1990 ஜூலை 26 அன்று கையெழுத்தான அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தையொட்டிய விதிகளின்படி, புதிய கட்டடங்களில் ஓர் அடி உயரம் ஏறுவதற்குச் சாய்தளம் குறைந்தது 12 அடி நீளம் இருக்க வேண்டும். இந்தக் கணக்கை அறியாத நல்லெண்ணம், படிகளின் மேல் ஒரு பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு நிறைவடைந்துவிடும். அதில் தனியாக ஏற முயல்பவர் பின்பக்கமாகக் கவிழக்கூடும். அந்தச் சட்டம் வேண்டும் என்று கோரி அதே ஆண்டு மார்ச் மாதம் பலர் தங்கள் சக்கர நாற்காலிகளையும் ஊன்றுகோல்களையும் கீழே விட்டுவிட்டு, சட்டம் இயற்றும் அந்த நாடாளுமன்றத்தின் படிகளிலேயே தவழ்ந்து ஏறினார்கள்.

அங்கே அதே 1990இல் வந்த இன்னொரு சட்டத்தைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. 1993 ஜூலை முதல் தயாராகும், 13 அங்குலமும் அதற்கு மேலும் திரை கொண்ட தொலைக்காட்சிப் பெட்டிகள் அனைத்திலும், பேச்சை எழுத்தாகக் காட்டும் வசதி உள்ளேயே இருக்க வேண்டும் என்றது அது. அதுவரை செவித்திறன் இல்லாதவர்கள் அதற்கென்று தனிக் கருவி வாங்கி இணைக்க வேண்டியிருந்தது. விருந்தாளியாகச் சென்ற வீட்டில் அந்தக் கருவி இல்லையென்றால் செய்திகூட அவர்களுக்கு வெறும் வாயசைவுதான். இன்று அந்த எழுத்துகளை எல்லோரும் பயன்படுத்துகிறார்கள் என்பதை இத்தகைய சட்டங்களுக்கு ஆதரவாகச் சொல்வதுண்டு. அந்த வாதத்தை நான் தயங்கியே எடுக்கிறேன். வேறு ஒருவருக்கும் பயன்படாமல் போயிருந்தாலும் அது அவர்களுக்கு உரியது.

பார்வை மாறவில்லை என்கிறீர்கள். பக்கத்து இருக்கையில் படிப்பவராக, சேர்ந்து வேலை செய்பவராக, நம்முடன் கருத்து வேறுபடுபவராக ஒருவரை நாள்தோறும் காணாமல் எவருடைய பார்வைதான் மாறும்? அப்படிக் காண்பதற்கு முதலில் அவர் உள்ளே வந்தாக வேண்டும்.

அந்தக் கட்டடத்தில் இப்போது சாய்தளம் இருக்கிறது. நண்பர் அங்கே எப்போது போகிறார், எப்போது திரும்புகிறார் என்பதெல்லாம் இப்போது எனக்குத் தெரிவதில்லை.