எதையும் நூறு சதவீதம் சரியாகச் செய்ய வேண்டும் என்ற பிடிவாதத்திலிருந்து வெளியே வருவது எப்படி?

குறையே இல்லாமல் முடித்தால்தான் வெற்றி, மற்றதெல்லாம் தோல்வி என்று பார்க்கும் மனப்போக்கையே பூரணத்துவ மனப்பான்மை என்கிறோம். உளவியலாளர்கள் பால் ஹியூவிட், கோர்டன் ஃபிளெட் இருவரும் 1991இல் இதை மூன்றாகப் பிரித்தார்கள்: தன்னிடம் எதிர்பார்ப்பது, பிறரிடம் எதிர்பார்ப்பது, பிறர் தன்னிடம் எதிர்பார்ப்பதாக நம்புவது. மூன்றாவதுதான் ஆளை அதிகம் வாட்டுகிறது.

இந்த மனப்பான்மை வாட்டுவதற்குக் காரணம் நம் அளவுகோலில் இருக்கிறது. குறையில்லாத நிலை தொடுவானம் போன்றது. தொடுவானத்தை நோக்கி நடப்பவர் எவ்வளவு நடந்தாலும் அது தள்ளியே போகும். கிளம்பிய இடத்திலிருந்து அளந்தால்தான் கடந்த தூரம் தெரியும்.

ஆகவே ஒரே ஒரு திறமையை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுரை எழுதுவது என்று வைத்துக்கொள்வோம். இன்று 300 சொல் எழுத எத்தனை நிமிடம் ஆகிறது, எத்தனை பிழை வருகிறது என்று குறித்து வையுங்கள். வாரம் ஒருமுறை, நாளின் அதே வேளையில், அதே நீளத்தில் எழுதி மறுபடி அளந்து பாருங்கள். நான்கு வாரம் கழித்து முதல் குறிப்போடு மட்டும் ஒப்பிடுங்கள்.

தினமும் அளக்க வேண்டாம். தூக்கம், களைப்பு ஆகியவற்றால் எண்கள் ஏறி இறங்கும். அதைப் பின்னடைவு என்று மனம் எடுத்துக்கொள்ளும். பத்து விஷயங்களை ஒன்றாக அளப்பதும் தவறு, குறிப்பேடே இன்னொரு தேர்வாகிவிடும். எழுதும் நேரத்துக்கு ஒரு வரம்பும் வையுங்கள்: 45 நிமிடம் முடிந்ததும், அரைகுறையாகத் தோன்றினாலும் நிறுத்திவிடுங்கள்.

இப்படி அளப்பது தரத்தைக் குறைத்துக்கொள்வது என்று பலர் நினைக்கிறார்கள். இலக்கு அப்படியேதான் இருக்கிறது, எங்கிருந்து அளக்கிறோம் என்பது மட்டுமே மாறுகிறது.