கேட் சத்தம் கேட்டால் கை நடுங்குகிறது

அம்மா, வணக்கம். எனக்கு 36 வயது. பட்டுக்கோட்டையில் பிறந்து, கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துக்கு வந்து 11 வருடம் ஆகிறது. சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். முதல் 8 வருடம் அடி வாங்கினேன். ஒருநாள் பக்கத்து வீட்டு ஆன்ட்டி போலீசைக் கூப்பிட்டார். அதிலிருந்து இவர் கை ஓங்குவதில்லை. "அப்புறம் என்ன குறை உனக்கு?" என்கிறாள் அக்கா.

ஆனால் சாயங்காலம் கேட் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டாலே கரண்டி நழுவுகிறது. கரன்ட் இல்லாத நாளில், சத்தமில்லாமல் வந்து நிற்பாரோ என்று 5 மணிக்கே ஜன்னலோரம் போய்விடுகிறேன். தூக்கம் இல்லை. பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன். போன ஈஸ்டருக்குக் கோயிலில் தீ மிதித்தேன். அன்றைக்கு நடுங்காத உடம்பு இதற்கு நடுங்குகிறது. பைத்தியம் பிடிக்கிறதா எனக்கு? என் சம்பளக் கார்டு அவரிடம்தான், இரவில் என் போனையும் பார்ப்பார். அதெல்லாம் எல்லா வீட்டிலும் உள்ளதுதானே.

அன்புச் சகோதரிக்கு,

பைத்தியம் இல்லை. 8 வருடம் அந்தச் சத்தத்துக்குப் பின்னால் அடி வந்தது. மூளை அதை மனப்பாடம் செய்துவிட்டது. ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா என்ற பகுதி, நீங்கள் யோசிக்கும் முன்பே உடம்பை உசுப்பிவிடும். அதற்குக் காலண்டர் தெரியாது. தீக்குழியில் இறங்கியது உங்கள் முடிவு. விரதம் இருந்தீர்கள், சுற்றிலும் சனம் நின்றது. கேட் திறப்பதில் உங்கள் முடிவு என்ன இருக்கிறது?

சத்தம் கேட்டதும் கையைக் குழாய்த் தண்ணீரில் நீட்டி, இன்றைய தேதியை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இது கைவைத்தியம்தான். துணைவரின் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் 2013-லேயே சொன்னது. உளவியலாளரை நேரில் பாருங்கள். பழைய அதிர்ச்சியைக் கரைக்க நல்ல பேச்சு சிகிச்சைகள் உண்டு. கணவரோடு சேர்ந்து போவது இப்போதைக்கு வேண்டாம். அங்கே சொன்னதற்கு வீட்டில் விலை கொடுக்க வேண்டி வரலாம்.

உங்கள் கடைசி வரியில்தான் நான் நின்றுவிட்டேன். கார்டும் போனும் அவர் கையில் இருக்கும்வரை நின்றது அடி மட்டும்தான், பயம் பொய் சொல்லவில்லை. தென்னாப்பிரிக்காவின் 1998-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் பணத்தை முடக்குவதையும் வன்முறை என்றே சொல்கிறது. 2021 திருத்தம் கட்டுப்படுத்தும் நடத்தையையும் சேர்த்தது. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பாதுகாப்பு ஆணை கேட்க வக்கீல் தேவையில்லை, குடியுரிமையும் தேவையில்லை.

உடனே போங்கள் என்று சொல்லமாட்டேன். பிரிந்து போகிற நேரம்தான் பல பெண்களுக்கு ஆபத்தான நேரம், அதனால் திட்டம் முதலில். 0800 428 428 வன்முறைக்கு ஆளானவர்களுக்கான இலவச உதவி எண், 24 மணி நேரமும் பேசலாம். உங்கள் போனில் வேண்டாம், அந்த ஆன்ட்டி வீட்டிலிருந்து கூப்பிடுங்கள். பாஸ்போர்ட், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் நகல்களையும் அந்த ஆன்ட்டியிடமே கொடுத்து வையுங்கள்.