கேள்வி பதில்: முந்திரி ஓட்டு எண்ணெய்

கேள்வி: பண்ருட்டிப் பக்கம் ஓர் ஆலையில் முந்திரி ஓட்டு எண்ணெய் வாங்கி, எம்.எஸ்ஸி. ப்ராஜெக்ட்டுக்காக அதிலுள்ள அனகார்டிக் அமிலத்தைப் பிரித்துப் பார்த்தேன். சுண்ணாம்பு போட்டும் வீழ்படிவு பேருக்குத்தான் வந்தது. ஏன்?
- மாணவி, கடலூர்

பதில்: நீங்கள் வாங்கியது காய்ச்சின எண்ணெயாகத்தான் இருக்கும். சூடுபடுத்தாமல் எடுத்த பச்சை எண்ணெயில் 60-65 சதவீதம் அனகார்டிக் அமிலம், 15-20 சதவீதம் கார்டால், 10 சதவீத அளவில் கார்டனால் (இரண்டும் ஃபீனால் வகை). 180-200 டிகிரியில் வறுத்து எடுத்தால் கணக்கு தலைகீழ். அமிலம் ஏறக்குறைய முழுக்கக் கார்டனாலாகிவிடும். சுண்ணாம்போடு சேர்ந்து படிவது அமிலம்தான், கார்டனால் படியாது. பிரேக் லைனிங், பெயின்ட் செய்பவர்களுக்கு அதுதான் தேவை என்பதால் ஆலைகளும் அதையே தருகின்றன.

பச்சை ஓட்டை வாங்கி, கையுறையோடு இடித்து, அசிட்டோனில் இரவு முழுக்க ஊறவையுங்கள். வடிகட்டிக் கரைப்பானைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்குங்கள். இந்த எண்ணெய் 100 கிராமை, 5 சதவீதம் தண்ணீர் கலந்த 600 மி.லி. மெத்தனாலில் கரைத்து, 50 கிராம் கால்சியம் ஹைட்ராக்சைடைச் சிறிது சிறிதாகப் போட்டு, 50 டிகிரியில் 3 மணி நேரம் கலக்குங்கள். மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டி, உள்ளே சுண்ணாம்பு வினைபுரியாமல் கிடக்கும். கால்சியம் அனகார்டேட் படியும். கார்டாலும் கார்டனாலும் மெத்தனாலிலேயே தங்கும். படிவை மெத்தனாலால் கழுவி, தண்ணீரில் கலக்கி, ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு, எத்தில் அசிட்டேட்டில் இறக்குங்கள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்: மிச்சச் சுண்ணாம்பே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் பாதிக்கு மேல் குடித்துவிடும். pH 2-க்கு வராமல் எத்தில் அசிட்டேட்டை ஊற்றினால் இரண்டு அடுக்கும் பிரியாமல் நுரைத்து நிற்கும். எல்லாம் சரியாக நடந்தால் 60 கிராம் அளவுக்குக் கிடைக்கும்.

கேள்வி: பச்சை எண்ணெயைக் காய்ச்சும்போது பொங்கி வழிகிறதே?
- சிறுதொழில் செய்பவர், விருத்தாசலம்

பதில்: முதலில் ஈரம், பிறகு அனகார்டிக் அமிலம் கார்டனாலாகும்போது வரும் கார்பன் டைஆக்சைடு. 1 கிலோ பச்சை எண்ணெயிலிருந்து 40 லிட்டர் வாயுவுக்கு மேல் வெளியேற வேண்டும். பொங்காமல் என்ன செய்யும்! பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். 110 டிகிரியில் தண்ணீரைப் போக்கிவிட்டு, மெதுவாக 140-க்கு ஏற்றி, நுரை அடங்கும்வரை கலக்குங்கள். அவசரப்பட்டு 200-ஐத் தாண்டினால் பக்கச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து எண்ணெய் தாராகிவிடும். அது திரும்பாது.

கேள்வி: அனகார்டிக் அமிலம் பருக் கிருமியைக் கொல்லுமாமே, எண்ணெயை முகத்தில் தடவலாமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: கூடவே கூடாது. பருக் கிருமியையும் பற்சொத்தைக் கிருமியையும் அது ஆய்வகத்தில் கொல்வது உண்மை. அதன் மூலக்கூறிலுள்ள 15 கார்பன் வாலில் இரட்டைப் பிணைப்பு கூடக்கூட வீரியமும் கூடும். ஆனால் ஈ.கோலை போன்ற கிராம் நெகட்டிவ் கிருமிகளிடம் பெரிதாகப் பலிப்பதில்லை. தனித்த அமிலத்தை அளந்து போட்ட சோதனை வேறு, கார்டாலும் சேர்ந்த எண்ணெய் வேறு. இது சேங்கொட்டையின் சொந்தக்காரன். பட்ட இடம் ஓரிரு நாளில் கொப்புளிக்கும், தழும்பும் விழலாம். மாம்பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் பக்கத்திலேயே போகக் கூடாது. தவறிப் பட்டால் தேய்க்காமல் கடலை எண்ணெயால் துடைத்தெடுத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வெறும் தண்ணீருக்கு அது கரையாது. கண்ணில் பட்டால் கைவைத்தியம் வேண்டாம். தண்ணீரால் அலசிக்கொண்டே மருத்துவமனைக்குப் போங்கள்.