சாக்லேட்டா, முருங்கைக்காயா?

கேள்வி: காதலர் தினம் வந்தால் சிங்கப்பூர் தேக்கா பக்கம்கூட இதய வடிவ சாக்லேட் பெட்டிகள்தான். சாக்லேட் சாப்பிட்டால் ஆசை கூடும் என்பது உண்மையா? (வாசகர், யீஷூன்)

பதில்: வியாபாரம்தான், ஆனால் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. பழைய மெக்சிகோவின் அஸ்டெக் மன்னர் மொக்டெசூமா தங்கக் கிண்ணத்தில் கொக்கோ பானம் குடிப்பார், பெண்களிடம் வெற்றிபெறத்தான் என்று சொன்னார்கள் என ஸ்பானியப் படைவீரர் பெர்னால் டியாஸ் எழுதிவைத்தார். கவனியுங்கள், 'சொன்னார்கள்'! அது கசப்பான பானம், சில நேரம் மிளகாயும் சேரும். உங்கள் காதலிக்குக் கொடுத்துப் பாருங்கள், தெரியும். இதயப் பெட்டி 1860களில் இங்கிலாந்தின் ரிச்சர்ட் கேட்பரி செய்த வேலை. கொக்கோவில் ஆசையைத் தூண்டும் பினைல்எத்திலமைன் என்ற வேதிப்பொருள் இருக்கிறதே என்பார்கள். சாப்பிட்டதும் அதில் பெரும்பகுதியை உடலின் நொதிகளே உடைத்துவிடும், அவ்வளவுதான்.

மலாய்க்காரர்கள் 'டுரியான் விழுந்தால் சாரோங் உயரும்' என்று சிரிப்பார்கள், நம் வீட்டில் அந்தப் பழி முருங்கைக்காய்க்கு. சரி, சாப்பிடுங்கள், ருசிக்காக. ஆனால் இணையத்தில் விற்கும் 'மூலிகை' மாத்திரை வேண்டாம்: வயாக்ராவில் உள்ள சில்டெனாஃபில் சிலவற்றில் கலந்திருப்பதாகச் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது, நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவருக்கு அதனால் ரத்த அழுத்தம் மடமடவென்று இறங்கிவிடும்.