பழுதுபார்த்த பாகத்துக்கு முழு விலையா?

கேள்வி: ஐயா, தலைமைக் கங்காணியாக இருந்த என் பாட்டனாரின் எச்.எம்.வி. 101 பெட்டிக் கிராமபோன் எங்களிடம் உள்ளது. ஊசியின் அதிர்வை ஒலியாக்கும் அதன் சவுண்ட் பாக்ஸ் உடைந்துவிட்டது. கண்டியில் ஒரு வியாபாரி, பழுதுபார்த்த நான்காம் இலக்க சவுண்ட் பாக்ஸ் ஒன்றுக்குப் பழுதில்லாததன் விலையையே கேட்கிறார். கொடுக்கலாமா?
வாசகர் ஒருவர், பண்டாரவளை

பதில்: எதைப் பழுதுபார்த்தார் என்று அவர் சொல்லாதவரை கொடுக்க வேண்டாம். 1925 இல் அறிமுகமான 101 இல் பொருத்தப்பட்ட இந்த சவுண்ட் பாக்ஸில் முதலில் கெடுவது, அதிர்ந்து ஒலி எழுப்பும் மைக்கா எனும் அப்பிரகத் தகட்டின் இருபுறமும் உள்ள மெல்லிய இரப்பர் குழாய்; அது கல்லாகிவிட்டால் பாட்டு கரகரக்கும். அதை எடுத்துவிட்டுப் புதிய மென்குழாய் இட்டிருந்தால், அந்த வேலை மதிப்பைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. மைக்காவை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். விளிம்பில் வெள்ளிநிற மேகம்போல் படர்ந்திருந்தால் அடுக்குகள் பிரியத் தொடங்கிவிட்டன என்று பொருள்.

உண்மையான ஆபத்து பின்தட்டில் இருக்கிறது. துத்தநாகக் கலப்பு உலோகத்தில் வார்க்கப்பட்ட அத்தட்டில் ஈயம் போன்ற அசுத்தம் சிறிதளவு கலந்திருந்தாலும், ஈரக்காற்றில் உலோகம் உள்ளிருந்தே அரித்து, உப்பி, வறண்ட வயல்போல் வெடிக்கும். மாதக்கணக்கில் பனிமூட்டம் சூழும் நம் மலைநாட்டில், தோட்ட லயத்துச் சுவரோரம் வைத்த பெட்டிக்கு இது இன்னும் விரைவாக வரும். இந்த வெடிப்பில் பசை பூசி மேலே வர்ணம் அடித்திருந்தால் அதைப் பழுதுபார்த்தல் என்று நான் சொல்ல மாட்டேன். அரிப்பு உள்ளே தொடர்வதால் பசை நிலைக்காது. டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, மயிரிழைக் கோடுகளையும், பின்தட்டுக்கும் முன்வளையத்துக்கும் இடையே ஒரே சீராக இல்லாத இடைவெளியையும் தேடுங்கள். பொறித்த எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருந்தால், மேற்பரப்பைத் தேய்த்து மீண்டும் மெருகேற்றியிருக்கிறார்கள். பசை ஒட்டிய பின்தட்டு என்றால் மைக்காவுக்கும் ஊசித்தண்டுக்குமான உதிரி விலைக்கு மேல் நான் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க மாட்டேன். பித்தளையில் புதிதாகக் கடைந்த தட்டு என்றால் சேகரிப்பாளருக்கு அது அசல் அல்ல. பாட்டனாரின் இசைத்தட்டுகளைக் கேட்க விரும்பும் உங்களுக்கோ அதுவே மேல்.

கேள்வி: கிராமபோனுக்குச் சாவி கொடுக்கும்போது உள்ளே 'தொம்' என்று சத்தம் வருகிறது. இதைச் சொல்லி விலையைப் பாதியாகக் குறைக்கிறார்கள். நியாயமா?
வாசகி ஒருவர், ஹட்டன்

பதில்: இல்லை. சுருள்வில்லுக்கு இட்ட கிரீஸ் காய்ந்து போனதால், ஒட்டிக்கொண்ட சுற்றுகள் திடீரென விடுபடும் சத்தம் அது. கழுவிப் புதிய கிராஃபைட் கிரீஸ் இட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். அந்தக் கூலியை மட்டும் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதற்குமுன் இசைத்தட்டின் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டைச் செருகி, ஊசியை வைத்துப் பாடவிட்டே ஒரு நிமிடச் சுற்றுகளை எண்ணுங்கள். வேகத் திருகைச் சரிசெய்தால் 78 சுற்று சீராக நிற்க வேண்டும். ஊசி இறங்கியதும் வேகம் தளர்ந்தால், காரணம் கிரீஸ் மட்டும்தானா அல்லது வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னரின் மூன்று எடைகளைத் தாங்கும் மெல்லிய வில்களும் கெட்டுள்ளனவா என்பதை மோட்டாரைத் திறந்து பார்த்த பிறகே விலை பேசுங்கள்.