ஒரே ஃபாண்ட், நாலு ஃபோல்டர்: எதை நிறுவுவது?

கேள்வி: ஒரு ஃபாண்ட் குடும்பம் வாங்கினேன். ஜிப்பைப் பிரித்தால் டிடிஎஃப், ஓடிஎஃப், வோஃப், வோஃப்2 என்று நான்கு ஃபோல்டர்கள். டிடிஎஃப், ஓடிஎஃப் இரண்டையும் நிறுவிவிட்டேன். இப்போது லேஅவுட் மென்பொருளில் ஒரே பெயர் இரண்டு முறை வருகிறது. எதை வைத்துக்கொள்வது? பழைய சிடியில் பிஎஃப்பி, பிஎஃப்எம் கோப்புகளும் கிடக்கின்றன. அவற்றை மாற்றிப் பயன்படுத்தலாமா?

பதில்: முதல் வேலையாக இரண்டில் ஒன்றை நீக்கிவிடுங்கள். எதை என்று பிறகு பார்ப்போம். இரண்டும் சேர்ந்து இருப்பதுதான் ஆபத்து.

கண்ணுக்கு ஒரே எழுத்துதான். ஆனால் உள்ளே எழுத்தை வரைந்திருக்கும் கட்டத்தின் அளவு பெரும்பாலும் வேறு. ஓடிஎஃப்பில் வழக்கமாக 1000 அலகு, டிடிஎஃப்பில் பல சமயம் 2048. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றும்போது எழுத்தின் அகலத்தை முழு எண்ணாக்க வேண்டியிருக்கும். ஓர் எழுத்தில் மயிரிழைதான் வித்தியாசம். ஒரு பத்தி முழுக்கச் சேர்ந்தால் வரிக்கடைசியில் நின்ற ஒரு சொல் அடுத்த வரிக்குத் தாவிவிடும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் கணினியில் இரண்டும் இருந்தன, அச்சகத்தில் ஒன்றுதான் இருந்தது. 96 பக்கத்தில் முடிந்த புத்தகம் அங்கே திறந்தபோது 97-ஆம் பக்கத்தில் மூன்று வரி நின்றது.

சரி, எதை வைத்துக்கொள்வது? ‘ஓடிஎஃப்தான் உசத்தி’ என்று ஒரு பேச்சு உண்டு. அது பழைய சண்டையின் மிச்சம். அடோபி 1984-இல் போஸ்ட்ஸ்கிரிப்ட் டைப் 1 ஃபாண்டைக் கொண்டுவந்தது. அதற்குப் போட்டியாக ஆப்பிள் உருவாக்கிய ட்ரூடைப் (டிடிஎஃப் என்பது இதன் கோப்பு) 1991-இல் மேக்கிலும், அடுத்த ஆண்டே விண்டோஸ் 3.1-இலும் வந்தது. இரண்டும் வளைவை வரைகிற கணக்கு வேறு. ஆங்கில ‘ஓ’வின் வெளிவட்டத்துக்கு டைப் 1 முறையில் நான்கு வளைவுத் துண்டுகள் போதும். ட்ரூடைப்பில் வழக்கமாக எட்டு ஆகும். வடிவமைப்பாளர்கள் பெரும்பாலும் முதல் முறையில்தான் வரைகிறார்கள். அதனால் அதே முறையில் வளைவு இருக்கும் ஓடிஎஃப்பில் அவர்கள் போட்ட புள்ளி அப்படியே இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அச்சில் அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிற கண் எனக்கு இல்லை.

1996-இல் மைக்ரோசாஃப்டும் அடோபியும் சேர்ந்து ஓப்பன்டைப்பை அறிவித்தபோது இரண்டு வகை வளைவுக்கும் ஒரே பெட்டியில் இடம் கொடுத்துவிட்டார்கள். ஆகவே இன்று உங்கள் கையில் இருக்கும் டிடிஎஃப்பும் அநேகமாக ஓப்பன்டைப்தான். சந்தேகம் இருந்தால் ஒரு நகல் எடுத்து நோட்பேடில் திறந்து பாருங்கள். முழுக்கக் குப்பையாகத்தான் தெரியும். ஆனால் முதல் நான்கு எழுத்து ஆங்கிலத்தில் ஓ, டி, டி, ஓ என்று இருந்தால் அதன் உள்ளே இருப்பது டைப் 1 வழிவந்த வளைவு. வோஃப்2 கோப்பு என்றால் அதன் பெயரே சற்றுச் சுருங்கித் தொடக்கத்தில் நிற்கும். கோப்பின் பெயரில் ஓடிஎஃப்பை அழித்து டிடிஎஃப் என்று போட்டு மறுபடி திறந்து பாருங்கள், அந்த நான்கு எழுத்து அப்படியேதான் இருக்கும். பெயரை மாற்றினால் வகை மாறாது.

ஆக, புத்தகம், போஸ்டர், லேஅவுட் என்றால் ஓடிஎஃப். வேர்டில் தட்டச்சு செய்து ஃபாண்டைக் கோப்பிலேயே பொதித்து மற்றவருக்கு அனுப்புகிறவர் என்றால் டிடிஎஃப், அதில் சிக்கல் குறைவு. பழைய, புள்ளி அடர்த்தி குறைந்த திரைகளில் சிறிய எழுத்து தெளிவாகத் தெரிவதற்கான திருத்தக் குறிப்புகளையும் டிடிஎஃப்பில் நுணுக்கமாக எழுத முடியும். நீங்கள் லேஅவுட் ஆள் என்பதால் டிடிஎஃப்பை நீக்குங்கள். ஆனால் டிடிஎஃப்பில் தொடங்கிய வேலை பாதியில் இருந்தால், அது முடியும்வரை அதையே வைத்துக்கொண்டு ஓடிஎஃப்பை நீக்குங்கள்.

வோஃப் இரண்டும் கணினியில் நிறுவ அல்ல, இணையதளத்துக்கு. அதே ஃபாண்டைச் சுருக்கிக் கட்டிய மூட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். 2018-இல் இணையத் தரமான வோஃப்2 இன்னும் நன்றாகச் சுருக்கும். இன்றைய பிரவுசர்கள் எல்லாம் அதைப் படிக்கும் என்பதால் அது ஒன்றே போதும்.

வோஃப்2-ஐ நீங்களே தயாரிப்பதாக இருந்தால் ஓர் இடத்தில் நிதானம் தேவை. அளவைக் குறைக்க, தேவையில்லாத எழுத்துகளை வெட்டிவிடும் கருவிகள் உண்டு. ‘கு’ என்பது யுனிகோடில் (எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீட்டு முறை) க, அப்புறம் உகரக் குறி என்று இரண்டாகத்தான் பதிவாகிறது. இரண்டையும் சேர்த்து ஒரே வடிவமாகக் காட்டு என்கிற விதி ஃபாண்டுக்குள் ஓர் அட்டவணையில் இருக்கிறது. கருவி எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு அந்த அட்டவணையை வீசிவிட்டால், தளத்தில் க தனியாக, குறி தனியாக நிற்கும். ‘அம்மா’ என்று அடித்துப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். கு, மூ, டி, லூ, கொ எல்லாம் வருகிற ஒரு வரியைப் போட்டுப் பாருங்கள்.

இனி சிடி விஷயம். பிஎஃப்பியும் பிஎஃப்எம்மும் சேர்ந்ததுதான் அந்தப் பழைய டைப் 1. 2023 ஜனவரியோடு அடோபி தன் வடிவமைப்பு மென்பொருள்களில் அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது. அந்த ஃபாண்டைப் பொதித்து முன்பே செய்த பிடிஎஃப்கள் வழக்கம்போல் திறக்கும், அச்சாகும். அவற்றைத் தொட வேண்டாம். சிடியில் உள்ள ஃபாண்டை ஃபாண்ட்ஃபோர்ஜ் போன்ற இலவச எடிட்டரில் திறந்து ஓடிஎஃப்பாக எடுத்துக்கொள்ள முடியும். அதற்கு முன் உரிமத்தைப் படியுங்கள். விலைக்கு வாங்கிய பல ஃபாண்டுகளில் மாற்றுவதற்கு அனுமதி கிடையாது. அப்படியென்றால் அதே ஃபாண்டின் ஓடிஎஃப் பதிப்பை வாங்குவதுதான் வழி.

சிடியில் இருப்பது தமிழ் ஃபாண்ட் என்றால் இன்னொரு சிக்கல். அவற்றில் பல, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. ஓடிஎஃப்பாக மாற்றினாலும் அவை யுனிகோடு ஆகிவிடாது. அந்த ஃபாண்டை நீக்கியதும், அதில் அடித்த உங்கள் கட்டுரை ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். அங்கே மாற்ற வேண்டியது ஃபாண்டை அல்ல, உரையை.

அனுமதி இருந்து மாற்றுகிறீர்கள் என்றால், பிஎஃப்எம்மையும் கூடவே சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு எழுத்து பக்கத்தில் வரும்போது எவ்வளவு நெருங்க வேண்டும் என்ற கெர்னிங் கணக்கு பிஎஃப்பிக்குள் கிடையாது, பிஎஃப்எம்மில்தான் இருக்கும். அது இல்லாமல் மாற்றினால் ஆங்கிலப் பெரிய எழுத்து ஏ-க்கும் வி-க்கும் நடுவே தலைப்புகளில் ஓட்டை விழும்.